குலதெய்வக் காட்டிலிருந்து தொடங்குதல்: மண் சார்ந்த ஆன்மிகத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆவிகளோடு உறவாடி நோய் தீர்க்கும் ஷாமன் என்றதும் பலருக்கு நினைவில் எழுவது சைபீரியப் பனிவெளியும் தோல் மேளமும்தான். அந்தப் பகுதியில் வாழும் எவன்கி மக்களிடையே ஷாமனாக இருந்தவர் அந்த வேலையை விரும்பித் தேடிப் போனவர் அல்லர். கடும் நோயோ தொடர் கனவோ வரும். முன்னோரின் ஆவிகள் அவரைப் பிடித்திருப்பதாக ஊர் ஏற்றுக்கொள்ளும். அதன் பிறகே அவர் மேளத்தைக் கையில் எடுப்பார். நோய் தீர்ப்பது, வேட்டைக்குக் குறி சொல்வது, இறந்தவரை வழியனுப்புவது என்று அவர் செய்த எல்லாமே தம் கூட்டத்துக்காகச் செய்தவை.

மைக்கேல் ஹார்னர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் அமேசான் பகுதியின் ஷுவார், கொனிபோ மக்களிடம் கற்றதைப் பிற நாட்டு வழக்கங்களோடு சேர்த்து, யாரும் கற்றுக்கொள்ளக்கூடிய ஒரு பயிற்சிமுறையாக 1970களில் வகுத்தார். கண்ணை மூடிப் படுத்து, ஒரே சீராக வேகமாக ஒலிக்கும் மேளத்தைக் கேட்டபடி மனத்தால் வேறோர் உலகுக்குப் போய்வருவது அதன் மையம். இன்று விற்கப்படும் வார இறுதி வகுப்புகள் பலவற்றின் வேர் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பயிற்சியால் ஆறுதல் அடைந்தவர்கள் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதில் ஊர் இல்லை, காடு இல்லை, யாருக்கும் எதற்கும் கடமைப்பட்ட நிலை இல்லை.

நமக்கு இன்னொரு வழி இருக்கிறது. சங்கப் பாடல்களில் முருகனின் பூசாரியான வேலன் அருள் வந்து வெறியாடுகிறான். கட்டுவிச்சி நெல்லைப் பரப்பிக் குறி பார்க்கிறாள். இன்றும் கோடாங்கி உடுக்கை அடிக்கிறார். சாமியாடி மீது அருள் இறங்குகிறது. அய்யனார் கண்மாய்க் கரையில் குதிரைகளோடு அமர்ந்திருக்கிறார். நகரத்தில் வாழும் ஒருவர்கூட இந்த வழியில் எப்படி நடக்கத் தொடங்கலாம் என்பதையே கீழே எழுதுகிறேன். சாமியாடி ஆவதற்கு வழி சொல்லவில்லை. அது தெய்வமும் ஊரும் சேர்ந்து ஒருவர்மீது ஏற்றும் பொறுப்பு.

முதல் படி: உங்கள் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

மண் சார்ந்த ஆன்மிகத்துக்கு ஒரு குறிப்பிட்ட மண் வேண்டும். 'இயற்கை' என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு எந்த இடத்தோடும் உறவு கொள்ளாமல் இருந்துவிடுவது எளிது. ஆகவே உங்கள் குலதெய்வம் எங்கே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள்.

தெரியாது என்றால் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். 'நம் குலதெய்வம் எது?' என்று நேராகக் கேட்டால் சிலர் யோசித்துவிட்டு நின்றுவிடுவார்கள். 'அப்பாவுக்கு முதல் முடி எங்கே இறக்கினார்கள்? அத்தைக்குக் காது குத்தியது எந்தக் கோயிலில்?' என்று கேட்டால் கதை வரத் தொடங்கும். பழைய திருமணப் பத்திரிகைகளைத் தேடி எடுங்கள். உச்சியில் எந்தச் சாமியின் பெயருக்குப் பிறகு 'துணை' என்று அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். முன்னோரின் பெயர்களே தடயம்: சுடலைமுத்து, இசக்கியம்மாள், பேச்சிமுத்து, கருப்பையா, மாடசாமி. பங்காளிகளில் யாராவது ஒருவர் மாசி மாதச் சிவராத்திரிக்கோ பங்குனி உத்திரத்துக்கோ தவறாமல் ஊருக்குப் போகிறவராக இருப்பார். அவரைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பெண்களுக்கு ஒரு சொல். திருமணத்துக்குப் பின் புகுந்த வீட்டுச் சாமியே அவளுக்குக் குலதெய்வம் என்பது வழக்கு. அந்த வழக்கு இருக்கட்டும். பிறந்த வீட்டுத் தெய்வத்தின் காட்டில் போய் உட்கார யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து.

எவ்வளவு தேடியும் கிடைக்காதவர்கள், குலதெய்வ மரபே இல்லாதவர்கள், வேறு சமயத்தில் பிறந்தவர்கள் என்ன செய்வது? திருமுருகாற்றுப்படை முருகன் உறையும் இடங்களை வரிசையாகச் சொல்கிறது: காடு, சோலை, ஆற்றிடைக் குறை, ஆறு, குளம், நாற்சந்தி, பூத்த கடம்பு, மன்றம். கோபுரம் கட்டிய கோயில் மட்டும்தான் தெய்வத்துக்கு இருப்பிடம் என்று அந்தப் புலவர் நினைக்கவில்லை. நடந்து போகும் தூரத்தில் உள்ள ஒரு பழைய மரம், ஒரு குளம், ஓர் ஆற்றுத்துறை போதும். நடந்து போகும் தூரம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். அடிக்கடி போக முடியாத இடத்தோடு உறவு வளராது.

இடம்பெயர்ந்தவர்களுக்கும் நம் மரபில் வழி உண்டு. மூலக்கோயிலிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துப் போய்ப் புது ஊரில் அதே தெய்வத்தை நிலைநிறுத்துவார்கள். பிடிமண் என்பது அதன் பெயர். மலேசியத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன தமிழர்களும் மரத்தடிகளில் முனீஸ்வரனுக்கும் மாரியம்மனுக்கும் இடம் அமைத்துக்கொண்டார்கள். உழைக்கப் போன மண்ணையும் அவர்கள் தெய்வம் இல்லாத இடமாக விட்டுவைக்கவில்லை.

இரண்டாம் படி: முதல் முறை போகும்போது

தெரிந்தவர் ஒருவரோடு போங்கள்: பங்காளி ஒருவர், அல்லது பூசாரி. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்து அய்யனார் கோயில்கள் பலவற்றில் மண்குதிரை செய்யும் வேளாரே பூசாரியாகவும் இருப்பார். அவரிடம் முதலில் கேட்க வேண்டியது, அந்த இடத்தில் என்னென்ன செய்யக் கூடாது என்பதை. பல கோயில்காடுகளில் பச்சை மரத்தை வெட்டுவது இருக்கட்டும், உதிர்ந்த சுள்ளியைக்கூட வெளியே எடுத்துச் செல்லக் கூடாது. சில காடுகளில் எல்லைக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். காரணம் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள், முதலில் கடைப்பிடியுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை கொஞ்சமே: மண் அகல், எண்ணெய், திரி, பூ, தேங்காய், குடத்தில் தண்ணீர். பாலித்தீன் பை, பிளாஸ்டிக் தட்டு, பொட்டலக் கற்பூரத்தின் உறை எதுவும் அங்கே தங்கக் கூடாது.

விளக்கேற்றியதும் உங்கள் பெயரையும், தெரிந்த அளவுக்கு முன்னோர் பெயர்களையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். இன்னாரின் பேத்தி, இன்னாரின் மகன் வந்திருக்கிறேன் என்று சொன்னால் போதும். பிறகு ஒரு மணி நேரமாவது சும்மா உட்காருங்கள். முதல் வருகையில் எதையும் வேண்டிக்கொள்ளாதீர்கள். அறிமுகமான அன்றே கடன் கேட்பது மனிதரிடமே அழகில்லை.

தடைகளைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். காட்டையும் நீரையும் காக்கும் தடைகள் உண்டு. சக மனிதரைச் சாதியின் பெயரால் வெளியே நிறுத்தும் தடைகளும் அதே கோயில்களில் உண்டு. முதல் மரியாதைக்காக வெட்டுக்குத்து நடந்த கோயில்களையும் நாம் அறிவோம். முன்னதை முழுமனத்தோடு ஏற்பேன், பின்னதை ஏற்க மாட்டேன். மண்ணை வணங்குகிறவன் அந்த மண்ணில் நிற்க இன்னொருவருக்கு உரிமை இல்லை என்று சொன்னால், அவன் வணங்குவது மண்ணை அல்ல.

மூன்றாம் படி: காட்டைப் படியுங்கள்

பெரும்பாலானோர் தவறவிடுவது இந்தப் படியைத்தான். பலர் பீடத்தைப் பார்ப்பார்கள், அருவாளைப் பார்ப்பார்கள், பொங்கல் வைத்துவிட்டுத் திரும்புவார்கள். பின்னால் நிற்கும் மரத்தின் பெயர் தெரியாது.

சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிய உலர் பசுமைமாறாக் காடுகள் ஒருகாலத்தில் பரந்து கிடந்தன. இன்று அவற்றின் மிச்சம் பெரும்பாலும் கோயில்காடுகளில்தான் இருக்கிறது. மரக்காணத்துக்குத் தெற்கே, கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலைச் சுற்றியுள்ள காடு அப்படிப்பட்டது. காசா, வீரை, உலக்கைப்பாலை போன்ற மரங்கள் கோடையிலும் இலை கொட்டாமல் நிற்கும் காடு. ஆண்டின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் நிலத்தில் அவை பச்சையாக நிற்பதற்குத் தடித்த, தோல் போன்ற இலைகள் உதவுகின்றன. அந்த இலையைத் தொட்டுப் பாருங்கள், பறிக்காதீர்கள்.

செய்ய வேண்டியது இது. ஒரு குறிப்பேடு வாங்கி, ஒரே ஒரு மரத்தை ஓராண்டு முழுக்கக் கவனியுங்கள். கோயிலில் இலுப்பை இருந்தால் அதையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். பின்பனி முடியும்போது இலை உதிர்க்கும். கோடை தொடங்கும்போது செம்பழுப்பில் தளிர்க்கும். வெண்மஞ்சள் நிறத்தில் சதைப்பற்றான பூக்கள் இரவில் உதிர்ந்து, விடியும்போது தரையெல்லாம் இனிப்பு வாசம் வீசும். பழந்தின்னி வௌவால்கள் அதைத் தேடி வரும். அதன் விதையில் ஆட்டிய எண்ணெயில்தான் பழைய கோயில்களின் விளக்குகள் எரிந்தன. இதையெல்லாம் நீங்களே கண்ணால் பார்த்து எழுதிவைத்தால், அடுத்த முறை அகல் ஏற்றும்போது அந்தச் சுடர் எங்கிருந்து வருகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் தியானம் என்று சொல்வது இதைத்தான்.

மரத்துக்கு அடுத்தது நீர். அய்யனார் ஏன் கண்மாய்க் கரையில் இருக்கிறார் என்று கேளுங்கள். அந்தக் கண்மாய்க்கு எங்கிருந்து வரத்து வருகிறது, எத்தனை மடைகள், மறுகால் பாய்ந்தால் அடுத்து எந்தக் கண்மாய் நிறையும் என்று ஊர்ப் பெரியவர் ஒருவரோடு கரைமேல் நடந்து கேட்டறியுங்கள். கரை உடைந்தால் ஊர் அழியும். அதனால் கரையில் காவலுக்கு ஒரு தெய்வம். இரவில் குதிரையேறி ஊரைச் சுற்றி வருகிறார் என்ற நம்பிக்கையில் அந்தக் கவலையும் அடங்கியிருக்கிறது.

அந்தக் குதிரைகளையும் பாருங்கள். புரவி எடுப்புத் திருவிழாவுக்கு முன் ஊர்ப் பெரியவர்கள் வேளாரிடம் பிடிமண் கொடுப்பார்கள். அந்தக் கைப்பிடி மண்ணைச் சேர்த்துக் குழைத்துக் குதிரை உருவாகிறது. சுடப்பட்டு, வண்ணம் தீட்டப்பட்டு, ஊர்வலமாகக் காட்டுக்கு வருகிறது. பிறகு யாரும் அதைப் பழுதுபார்ப்பதில்லை. மழையில் வண்ணம் கரைந்து, காது உடைந்து, கால் சரிந்து மண்ணிலேயே கிடக்கும். அடுத்த திருவிழாவுக்குப் புதுக்குதிரை வரும். சிமெண்டில் குதிரை செய்து எனாமல் பூசும் இன்றைய பழக்கம் எனக்கு வருத்தம் தருகிறது.

பறவைகளுக்காகத் தம் கொண்டாட்டத்தை விட்டுக்கொடுத்த ஊர்களும் நம்மிடம் உண்டு. சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிப்பட்டியில், வேட்டங்குடிக் கண்மாய்க்கு வரும் பறவைகள் அஞ்சிவிடும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை.

நான்காம் படி: வீட்டில் ஒரு சட்டி முளைப்பாரி

அன்றாட வழிபாடு சின்னதாக இருக்கட்டும். காலையில் வாசலிலோ மொட்டைமாடியிலோ வெறுங்காலுடன் நின்று கிழக்கைப் பாருங்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். உங்கள் காட்டின் பெயரை மனத்துக்குள் சொல்லுங்கள். அவ்வளவு போதும்.

ஆண்டுக்கு ஒரு முறை, ஆடியிலோ பங்குனியிலோ, முளைப்பாரி போடுங்கள். ஊரில் பெண்கள் கூடிச் செய்வதை வீட்டில் சிறிய அளவில் செய்யலாம். அடியில் துளையிட்ட மண்சட்டி ஒன்றில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் மண்ணையும் காய்ந்த ஆட்டுப் புழுக்கைத் தூளையும் கலந்து போடுங்கள். பாசிப்பயறு, தட்டைப்பயறு, மொச்சை, சோளம், கம்பு, நெல் ஆகியவற்றை முதல் நாள் இரவே ஊறவைத்து, மறுநாள் தூவி மூடி, வெளிச்சம் படாத அறையில் வையுங்கள். காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் இருட்டில் வளர்ந்த முளைகள் பச்சையம் பிடிக்காமல் இளமஞ்சளாக, நெடுநெடுவென்று நிற்கும்.

அந்த நாட்களில் விரதம் இருப்பது வழக்கம். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் பட்டினி கிடக்க வேண்டாம். புலால் தவிர்ப்பது, குடியை விடுவது, கோபச் சொல்லை அடக்குவது ஆகியவையும் விரதம்தான். ஊரில் முளைப்பாரியைச் சுற்றி இரவுதோறும் கும்மி கொட்டுவார்கள். வீட்டில் பாட்டி இருந்தால் ஒரு பாட்டாவது பாடச் சொல்லுங்கள். அவரோடு போய்விடக்கூடிய பாட்டு அது. முடிவில் முளைப்பாரியைக் குளத்திலோ ஆற்றிலோ கரைக்கலாம். நீர்நிலை இல்லாத நகரத்தில் ஒரு மரத்தடி மண்ணில் சேர்க்கலாம். விதை எந்த அளவுக்கு முளைக்கிறது என்று விதைப்புக்கு முன்பே பார்த்துக்கொள்ளும் வழியாகவும் இதை உழவர்கள் சொல்வார்கள். பக்தியையும் வேளாண்மையையும் இந்தச் சட்டியில் பிரிக்க முடியாது.

ஐந்தாம் படி: ஆண்டின் ஓட்டத்தோடு சேருங்கள்

புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. சித்திரையில் பொன்னேர் பூட்டுதல், ஆடிப்பெருக்கு, கார்த்திகைத் தீபமும் சொக்கப்பனையும், தைப்பொங்கல் எல்லாமே நிலமும் நீரும் நெருப்பும் சூரியனும் சார்ந்த நாட்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இன்று என் ஊர் ஆற்றில் தண்ணீர் இருக்கிறதா? வயலில் என்ன நிற்கிறது? நாள்காட்டியில் ஆடிப்பெருக்கு வந்து, ஆற்றில் மணல்கூட இல்லையென்றால் அந்த வருத்தமும் இந்த வழிபாட்டைச் சேர்ந்ததுதான்.

ஆறாம் படி: சாமியாட்டத்தின் முன்னால்

பம்பையும் உறுமியும் உயர்ந்து, காப்புக் கட்டி விரதமிருந்தவர் மேல் அருள் இறங்கும் அந்த நேரம் நம் மரபின் உச்சம். வந்திருப்பது யார் என்று ஊரார் கேட்பார்கள், தெய்வம் தன் பெயரைச் சொல்லும், மழை பெய்யுமா, ஊருக்குக் குறை என்ன என்று கேட்பார்கள், திருநீறு தரும், பிறகு சாமி மலையேறும். ஆடியவருக்குத் தண்ணீர் கொடுத்துத் தாங்கிப் பிடிக்க ஆட்கள் இருப்பார்கள். வந்தது உண்மையான சாமிதானா என்று ஊர் சோதித்தும் பார்க்கும். இந்தச் சுற்றுக்காவலால்தான் அந்த அனுபவம் பாதுகாப்பாக இருக்கிறது. தனியறையில், இணைய மேள ஒலியைக் கேட்டு மயக்கநிலையை வரவழைக்க முயல்பவருக்கு இந்தக் காவல் இல்லை.

ஆகவே அங்கே ஒதுங்கி நில்லுங்கள். கைப்பேசியில் படம் பிடிக்காதீர்கள். உங்களுக்கு உடல் நடுங்கினாலோ அழுகை வந்தாலோ வெட்கப்பட வேண்டாம். பக்கத்தில் இருப்பவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுங்கள். வராவிட்டால் குறையும் இல்லை.

திருவிழா முடிந்தும் குரல்கள் கேட்டுக்கொண்டே இருந்தால், பல நாட்கள் தூக்கம் போனால், வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், மனநல மருத்துவரிடம் போக வேண்டும். டெலி மானஸ் என்னும் அரசு உதவி எண் 14416 நாள் முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், மனநலம் குன்றியவர்களைச் சங்கிலியால் கட்டிவைத்திருந்த காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். நோயாளியைக் கட்டிப்போட்டு, மருந்தை மறுத்து எந்தத் தெய்வத்தின் அருளையும் பெற முடியாது. குறி சொல்ல ஆயிரக்கணக்கில் கேட்பவரையும், பெண்களைத் தனியே வரச் சொல்பவரையும், மாத்திரையை நிறுத்தச் சொல்பவரையும் விட்டு உடனே விலகுங்கள். ஊமத்தை, அரளி, எட்டி போன்றவை பூசைக்கு வந்தாலும் நஞ்சு. வாயில் வைக்கச் சொல்பவர் குரு அல்லர்.

ஏழாம் படி: பிறருடையதைப் பிறரிடமே விடுங்கள்

மெக்சிகோவின் வாகாகா மலைப்பகுதியில் மரியா சபீனா என்ற மசாதெக் மருத்துவப் பெண்மணி இருந்தார். நோயாளிகளுக்காக மனமயக்கம் தரும் காளானை உட்கொண்டு இரவெல்லாம் பாடுவார். 1955இல் அமெரிக்கர் ஒருவர் அந்தச் சடங்கில் கலந்துகொண்டு, 1957இல் ஒரு பெரிய பத்திரிகையில் எழுதினார். அதன் பிறகு வெளிநாட்டவர் கூட்டம் கூட்டமாக வந்து குவிந்தார்கள். ஊர் நிம்மதி இழந்தது. சபீனாவின் வீடு எரிக்கப்பட்டது. 1985இல் வறுமையில் இறந்தார். அமெரிக்கப் பழங்குடியினரான லகோட்டா மக்கள் தங்கள் சடங்குகளை விற்பவர்களுக்கு எதிராக 1993இல் வெளிப்படையாகப் போர் அறிவித்தார்கள். சூடான கற்களின் ஆவியில் வியர்க்க அமரும் அவர்களுடைய வியர்வைக் குடிலைப் பார்த்து அமெரிக்காவின் செடோனாவில் 2009இல் ஒருவர் கட்டணத்துக்கு நடத்திய சடங்கில் மூன்று பேர் இறந்தார்கள்.

நம் மலைகளிலும் இதே கடமை உண்டு. பொதிகை மலைத்தொடரின் காணி மக்கள் ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் காயைத் தின்று களைப்பின்றி நடப்பதை, 1987இல் அவர்களோடு சென்ற அறிவியலாளர்கள் கவனித்தார்கள். அதிலிருந்து மருந்து உருவானபோது வருவாயில் ஒரு பங்கு காணி மக்களுக்குப் போக வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. தனிமனிதராகிய நாமும் அந்த நேர்மையைக் கடைப்பிடிக்க வேண்டும். பழங்குடியினரின் சடங்கைப் பார்க்க அழைத்தால் போங்கள். அழைக்காத இடத்துக்குப் போகாதீர்கள். கற்றதை உங்கள் பெயரில் விற்காதீர்கள்.

எட்டாம் படி: காவல் காக்கத் தொடங்குங்கள்

இதுவரை பெற்றதற்கு ஈடாகச் செய்ய வேண்டியது இது. பாபநாசத்துக்கு மேலே, களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் சொரிமுத்து அய்யனார் கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்குப் பெருங்கூட்டம் கூடும். கூட்டம் போன பிறகு தாமிரபரணிக் கரையில் துணியும் பிளாஸ்டிக்கும் கிடக்கும். வணங்க வந்தவர்களே ஆற்றைக் கெடுத்துவிட்டுப் போகிறார்கள். அடுத்த முறை உங்கள் கோயில் கொடை விழாவுக்குப் போகும்போது நான்கு சாக்குப்பைகளோடு போங்கள். பங்காளிகள் முதலில் சிரிப்பார்கள். பிள்ளைகள் முதலில் குனிவார்கள்.

காட்டுக்குள் சீமைக்கருவேலம் நுழைந்திருந்தால் வேரோடு அகற்ற ஆள் சேருங்கள். அந்த இடத்தில் நாற்றங்காலில் கிடைக்கும் அலங்கார மரத்தை நடாமல், அதே காட்டில் விழுந்த விதையிலிருந்து வளர்த்த கன்றை நடுங்கள். காட்டை வெட்டி மண்டபமும் டைல்ஸ் தரையும் போடலாம் என்று வரி பிரிக்கும் கூட்டத்தில் எழுந்து பேசுங்கள். வெட்டவெளியில் நிற்க விரும்பிய தெய்வத்துக்குக் கூரை எதற்கு என்ற ஒரு கேள்வி பல நேரங்களில் போதுமானதாக இருக்கும்.

சட்டத்தின் துணையும் இருக்கிறது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி, உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்து மாநில அரசு ஓர் இடத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கலாம். மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் தலமாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பகுதியை உள்ளடக்கி 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிவானபோது மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அதே ஆண்டில் நத்தம் அருகே காசம்பட்டியின் வீர கோவில் காடு இரண்டாவது தலமாயிற்று. அதன் பரப்பு ஐந்து ஹெக்டேருக்கும் சற்றுக் குறைவு. சின்னக் காடு என்று யாரும் ஒதுங்க வேண்டியதில்லை.

மூன்றாம் படியில் நீங்கள் வைத்திருந்த குறிப்பேடு இங்கே பயன்படும். உங்கள் ஊராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கிறதா, மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் உங்கள் காடு இடம்பெற்றிருக்கிறதா என்று ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். இல்லையென்றால் மரங்கள், பறவைகள், நீர்வரத்து, வழிபாட்டு வழக்கங்கள் அடங்கிய பட்டியலை எழுதி, ஊரார் கையெழுத்தோடு அடுத்த கிராம சபையில் கொடுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவை சபை கூடும் நாட்களில் அடங்கும். தீர்மானத்தின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி, பூசாரியிடம் ஒரு படியைக் கொடுத்துவிடுங்கள்.